துப்பக் கூடாத மூன்று நாள்

மதுரை கோரிப்பாளையத்தில் ஒருவருக்குப் பல் பிடுங்கியிருக்கிறது என்றால் அந்தக் காலத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து சாக்கடையைப் பார்த்துத் துப்பிக்கொண்டே இருப்பார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று எட்டிப் பார்த்து ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். மேல்பல்லா கீழ்ப்பல்லா என்று கேட்காதவர் கிடையாது. மேல்பல் என்றால் கண் பார்வை போய்விடும் என்பது எங்கள் தெருவின் அசைக்க முடியாத விஞ்ஞானம்.

எம்.ஜி.ஆர். முதல் தடவை முதலமைச்சரான 1977-இல் என் சித்தப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் போனது. ரோஸ் நிறக் கோபால் பல்பொடியால் பல் தேய்த்து வளர்ந்த குடும்பம் எங்களுடையது. தித்திப்பாக இருக்கும் என்பதால் பாதி பல்லுக்கும் பாதி வயிற்றுக்கும் போகும். பல் வலியும் எங்களுக்குப் பரம்பரைச் சொத்துதான். ஏ.வி. பாலத்தைத் தாண்டி, ஈறோடு சேர்த்து ஒரு முழுப் பல்வரிசையைப் போர்டில் வரைந்து வைத்திருந்த பெரியவரிடம் சித்தப்பா போனார். காலேஜ் படிப்பு இல்லாவிட்டாலும் சட்டம் வருவதற்கு முன்பே ஐந்து வருஷம் அதே தொழிலில் பிழைத்தவர்கள் தனிப் பட்டியலில் பதிந்துகொள்ளலாம் என்று 1948-ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டம் இடம் கொடுத்திருந்தது. பெரியவர் அந்த வழியில் வந்தவர். மெட்ராஸில் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்ததே 1953-இல்தான்.

ஊசி இல்லாமல் இல்லை. சுவீடனில் 1943-இல் கண்டுபிடித்த லிக்னோகெயின் அதற்குள் வைகையைத் தாண்டி வந்திருந்தது. மரத்துப்போகக் காத்திருக்கிற அந்த ஐந்து நிமிஷம்தான் கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் ஆட்சி. கால் மணிக்கொரு தடவை கொதிக்கக் கொதிக்க உப்புத் தண்ணீர். கொப்பளி, துப்பு, மறுபடி கொப்பளி. "கெட்ட ரத்தம் உள்ள தங்கப்படாதுடா, காறித் துப்பு." கொப்பளித்த நேரம் போக மிச்ச நேரத்தில் சித்தப்பா பீடி பிடித்தார். வலிக்குப் புகை நல்லது என்று அவருடைய சினேகிதர்கள் சொல்லியிருந்தார்கள்.

முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காது, நெற்றிப்பொட்டு, தாடை என்று ஒரு பக்கம் முழுக்கத் தெறிக்க ஆரம்பித்தது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூணில் முட்டினார். பாட்டி கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துக் குழியில் திணித்தாள். கொஞ்ச நேரம் அடங்கியது. அதோடு ஈறும் வெந்து வெளுத்தது.

பக்கத்து வீட்டுப் பாயம்மா தர்காவிலிருந்து ஓதி ஊதிய தண்ணீர் ஒரு சொம்பு கொண்டுவந்தார். "தம்பி, இதைக் கொப்பளிச்சுத் துப்பிராதேப்பா. கையில கால்ல படக்கூடாது. மெதுவா முழுங்கணும்" என்றார். அந்த மூன்று நாளில் சித்தப்பாவுக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே பல் மருத்துவப் புத்தகத்தோடு ஒத்துப்போனது அது ஒன்றுதான். என்ன, மூன்று நாள் தாமதம்.

பல் பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்க வேண்டும். அடியில் இருக்கிற எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி. காறினாலும், உறிஞ்சினாலும், பலமாகக் கொப்பளித்தாலும் கட்டி பெயர்ந்துபோகலாம். புகையும் அதைக் கெடுக்கும். மூடி போனால் எலும்பு வெறுமனே கிடக்கும். டாக்டர்கள் இதை 'டிரை சாக்கெட்' என்பார்கள். கெட்ட ரத்தம் என்று பாட்டி நாள் முழுக்கத் துப்ப வைத்தது அந்த மூடியைத்தான்.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். மெட்ராஸ் கவர்னர் எர்ஸ்கின் பெயரில் இருந்த ஆஸ்பத்திரி, பிற்பாடு ராஜாஜி பெயருக்கு மாறியது. அங்கே குழியை இதமாகக் கழுவி, கிராம்பு வாசனை அடிக்கிற ஒரு பசையைத் துணியில் தடவி வைத்தார்கள். வெளியே வரும்போதே சித்தப்பா டீ கேட்டாராம்.

போன வருஷம் என் முறை. கீழ் ஞானப்பல், படுத்துக் கிடந்தது. மேம்பால வேலைத் தூசியைத் தாண்டி ஏ.சி. அறைக்குள் போனேன். தாடை முழுவதையும் ஒரே படமாக எடுத்துத் திரையில் காட்டினார்கள். உதடும் நாக்கும் மரத்துப்போக வாய்ப்புண்டு என்ற தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஊசி போட்டுவிட்டு நிஜமாகவே காத்திருந்தார்கள். வலி என்பதே இல்லை. பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, அச்சடித்த ஒரு தாளையும் நீட்டினார்கள்: துப்பாதீர்கள், புகை பிடிக்காதீர்கள், ஸ்ட்ரா வேண்டாம், சூடு வேண்டாம், கொப்பளிப்பதெல்லாம் நாளைக்கு, அதுவும் மெதுவாக.

"ஜிகர்தண்டா சாப்பிடலாமா டாக்டர்?"

"ஸ்பூன்ல சாப்பிடுங்க சார். உறிஞ்சாதீங்க."

ரத்தம் கலந்த எச்சிலை முழுங்குவது எவ்வளவு பெரிய தவம் என்று கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது தெரிந்தது. முன்னால் பஸ் ஜன்னலிலிருந்து ஒருவர், பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒருவர், எந்த வைத்தியக் காரணமும் இல்லாமல் தாராளமாகத் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை பத்தியம் இருந்தும் மூன்றாம் நாள் காதுக்குள் அதே தெறிப்பு. அந்த நேரம் பார்த்து கிளினிக்கிலிருந்து வாட்ஸ்அப்: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? மைத்துனர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் பட்டை ஒன்று வாங்கி வந்தார். அதோடு கிளினிக்குக்கே மறுபடி போனேன். டாக்டர் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இதுக்கு அது தேவையில்ல. காய்ச்சல், வீக்கம் ஏறிக்கிட்டே போறது, வாய் திறக்க முடியல, முழுங்க முடியலன்னா அது வேற கதை. ராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

"நான் துப்பவே இல்லையே டாக்டர்."

"சாதாரணப் பல்லுக்கே நூத்துல ரெண்டு மூணு பேருக்கு வரும். கீழ் ஞானப்பல்லுக்கு இன்னும் ஜாஸ்தி. சில பேருக்கு வரும் சார், அவ்வளவுதான்."

குழியைக் கழுவி, ஒரு டப்பாவைத் திறந்தார். அறை முழுக்கக் கிராம்பு வாசனை. கிராம்புத் தைலத்தில் பெரும்பங்கு யூஜினால்தான். அதை அளவாக மருந்தில் கலந்தால் நரம்பு அடங்கும், பாட்டி மாதிரி நேராக ஊற்றினால் ஈறு வேகும். அளவுக்கு ஒரு பில் வந்தது.

சாயங்காலம் சித்தப்பா பார்க்க வந்தார். இப்போது அவருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை; முழு செட். தாடையைப் பிடித்தபடி நான் ஆறிப்போன ரசஞ்சாதத்தைக் கரைத்து முழுங்கிக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து முறுக்கைக் கடக்கென்று கடித்தார்.

"எனக்கு எல்லாம் போயிருச்சு, நிம்மதியா இருக்கேன். உனக்கு இன்னும் எத்தனைடா பாக்கி?"