மேற்கே, இன்னும் மேற்கே

அமெரிக்காக்காரனுக்கு மேற்கு என்றால் யோகம். அப்பலாச்சிய மலையைத் தாண்டினான், மிசிசிப்பியைத் தாண்டினான், கலிபோர்னியாவில் கடல் மறித்த பிறகுதான் நின்றான். வழியில் இருந்த பூர்வகுடிகளை யார் கேட்டார்கள்? 1893இல் டர்னர் என்ற வரலாற்றாசிரியர், நகர்ந்துகொண்டே போன அந்த எல்லைதான் அமெரிக்கனை உருவாக்கியது என்று கட்டுரை வாசித்துப் பேரும் வாங்கிவிட்டார்.

வட ஆற்காட்டுச் சேரிச் சனத்துக்கும் ஒரு மேற்கு இருந்தது. கோலார் தங்கவயல். நியூசிலாந்தில் சண்டை போட்டுவிட்டு பெங்களூரில் குடியேறிய லவெல் என்பவர், 1875இல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை வாங்கினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. துரைக்குப் பங்களா, கிளப். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம். கூலிக்கு லைன் வீடு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே அவனை இறக்கினார்கள். மேலே வரும்போது ஒரு பொட்டுத் தங்கம் ஒட்டியிருக்கிறதா என்று உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். நுரையீரலில் அவன் கொண்டுவந்த பாறைத் தூசியை மட்டும் எந்தக் கம்பெனியும் திருப்பிக் கேட்கவில்லை. பெருந்தன்மை!

சுமார் 800 டன் தங்கம் போன பிறகு, 2001 பிப்ரவரி 28 அன்று, நஷ்டம் என்று சாத்திவிட்டார்கள். சாத்தியது வெள்ளைக்காரன் இல்லை, நம் மத்திய அரசு. மேற்கு மறுபடி நகர்ந்து, நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் போய் உட்கார்ந்துகொண்டது. சுரங்கக்காரரின் பேரப்பிள்ளைகள் விடியுமுன்னே டிபன் பாக்ஸோடு மாரிக்குப்பம் ரயிலில் தொற்றிக்கொள்கிறார்கள். செக்யூரிட்டி வேலை, ஹவுஸ்கீப்பிங் வேலை. அங்கே லவெல் பேரில் ஒரு ரோடு இருக்கிறது. சதுர அடி விலை கேட்டால் மூச்சு முட்டும். குழிக்குள் மூச்சு முட்டிச் செத்தவர்கள் பேரில் எந்தச் சந்து இருக்கிறது, காட்டுங்கள்.

நடுவில் சினிமா வந்து, ஊரின் கே.ஜி.எஃப். என்ற மூன்றெழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கோடி கோடியாய் வாரிக்கொண்டு போனது. சரி, அது வியாபாரம். சர்க்காருக்கு என்ன வந்தது? காற்றடித்தால் சோற்றில் தூசி இறைக்கும், சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேடு இத்தனை வருஷம் அவர்கள் கண்ணில் படவில்லை. அதில் மிச்சத் தங்கம் இருக்கிறது என்றதும் பட்டுவிட்டது. 13 மேடுகள், சுமார் 1,003 ஏக்கர். தோண்டலாம் என்று 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை தலையாட்டியது. ஆக, குப்பைக்குக்கூட விடிவுகாலம் வந்துவிட்டது.

ஐயா, மண்வெட்டியை வைக்கும் முன் ஒன்றை எழுதிக் கொடுங்கள்: அந்தத் தூசியைத் தின்ற லைன் வீட்டுக்காரருக்கு மேட்டில் பங்கு எவ்வளவு?