ஏரிக்கரையில் மோனே

குளோத் மோனேயின் அல்லிக்குள ஓவியங்களை இணையத்தில் சில நிமிடம் பார்த்தாலே பதற்றமும் தனிமையுணர்வும் குறைவதாக 2022இல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஜப்பானியச் சாப்பாட்டைக் காட்டியபோதும் மனசு தேறியதாம். 1926இலேயே காலமான மோனே கொடுத்துவைத்தவர்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, குமட்டலை அடக்கிக்கொண்டு ஏற்காடு ஏரிக்கு வருகிறவர்களுக்கு இந்தச் சேதி எப்படியோ எட்டிவிட்டது போலிருக்கிறது. படகில் உட்கார்ந்ததும் செல்போனுக்குக் குனிந்துவிடுகிறார்கள். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலோ பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் கிடக்கும் சேலத்தைத் திரையில் ரசிக்கிறார்கள். கோடை விழாவில் பூவால் செய்த உருவங்களுக்கும் இதே மரியாதைதான். மலையில் சிக்னல் போனால் மட்டும் சிலர் தலை நிமிர்கிறார்கள், நல்ல பதற்றத்தோடு.