ரீசேல் மாமா

எங்கள் தெருவில் சைக்கிள் வாங்குகிறவர், விற்கிறவர் யாரானாலும் மாமாவைக் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். கேட்காவிட்டாலும் அவர் சொல்லாமல் விடமாட்டார்.

"புதுசா? காசு என்ன கொட்டியா கிடக்கு? கடைப் படியை விட்டு இறக்கின நிமிஷமே அது பழசுடா! செகண்ட்ஸ்ல பாரு."

செகண்ட்ஸ் பார்க்க அவரையே கூட்டிப்போனால், மாட்டுத் தரகர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் ஆரம்பிப்பார். ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றிவிடுவார். ரிம் பிரேக் கட்டையில் உரசுகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, "கோட்டம் இருக்கே" என்பார். பெடலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி, "பால்ரஸ் போச்சு" என்பார். செயினைத் தொட்டு, கறுத்த விரலை விற்பவர் முகத்துக்கு நேராக நீட்டுவார். கடைசி அஸ்திரம்: "பில் இருக்கா?" சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, பில்லும் ஃபிரேம் நம்பரும்தான் சாட்சி. பில் இல்லையென்றால் மாமா குரலைத் தாழ்த்துவார். விலையும் கூடவே தாழும். காயலான் கடைக்காரர் எடைக்குத் தருவதைவிட நூறு ரூபாய் கூடக் கொடுத்து முடித்துவைப்பார்.

அப்படிப்பட்ட மாமா தன் ஹெர்குலிஸை விற்கக் கிளம்பினார். 2012-இல் 4,200 ரூபாய்க்கு வாங்கியது. பில் லேமினேட் செய்யப்பட்டிருக்கிறது. சொன்ன விலை 6,500.

கணக்கில் பிசகே இல்லை. அசல், மாற்றிய டயர்கள், டியூப், பூட்டு, இரண்டு முறை ஓவராயில் எல்லாம் கூட்டலில் வந்திருந்தன. கழித்தல் மட்டும் வரவில்லை.

"இத்தனை வருஷம் ஓட்டியிருக்கீங்களே சார்?" என்றார் வந்தவர்.

"ஓட்டாம நிறுத்தியிருந்தா துருப்பிடிச்சிருக்கும். நான் ஓட்டினதாலதான் இப்படி இருக்கு!"

"மட்கார்டுல துரு இருக்கே?"

"அது அந்தக் காலத்து இரும்பு!"

வந்தவர் விவரமானவர். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததைச் சொல்லி, புதுசே மலிந்துவிட்டதே என்றார். மாமா அசரவில்லை. "அதுக்கு அஞ்சு சதவீதம் கட்டணும். என் வண்டிக்கு அதுவும் கிடையாதே!"

அவர் 1,500 சொன்னார். அடுத்து வந்தவர் 1,200. மூன்றாமவர் ஹேண்டில்பாரை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டார். பிறகு யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசே சைக்கிள் தந்துவிடுகிறது. பெரியவர்களோ மொபெட்டுக்கு மாறிவிட்டார்கள்.

"படிக்குக் கீழே அது நிக்கிற இடத்துக்கு வாடகை வாங்கியிருந்தா, இந்நேரம் ரெண்டு சைக்கிள் வாங்கியிருக்கலாம்" என்றார் அத்தை.

மாமா இரண்டு நாள் யோசித்தார். 1,500-க்கு விற்றால் ஏமாந்தவன் என்பார்கள். சும்மா கொடுத்தால் கொடைவள்ளல் என்பார்கள். இஸ்திரிக்காரர் மகனைக் கூப்பிட்டார். ஒன்பதாவது படிக்கிற பையன். சாவியையும் லேமினேட் செய்த பில்லையும் கையில் வைத்தார்.

"பில் பத்திரம். பதினொண்ணாவது போனா உனக்கு கவர்மென்ட் சைக்கிள் வந்துடும். அப்போ இதை விக்கணும்னா என்கிட்ட சொல்லு. ஆறாயிரத்துக்குக் கீழே மட்டும் இறங்கிடாதே!"