மாப்ள காருக்குத் தோல் உரியுது

மாப்ள, நீ அனுப்புன போட்டோவைப் பேரன் விரலால இழுத்துப் பெருசாக்கிக் காட்டினான். முன்கண்ணாடிக்குக் கீழ, சூடு காத்து வர்ற சந்துக்குப் பக்கத்துல, டேஷ்போர்டுத் தோலு ஒரு விரக்கடை பின்வாங்கிச் சுருண்டு நிக்குது. உள்ள காஞ்ச பசை மஞ்சப் பொடியா உதிர்ந்து கெடக்கு. "மாமா, நீங்க தோல் ஷாப்புல இருந்த ஆளாச்சே, ஒரு யோசனை சொல்லுங்க"ன்னு கீழ எழுதியிருக்க. காரு வாங்குறப்ப கேக்காத யோசனை, தோலு உரிஞ்சப்புறம் கேக்குற. கேளு, கேளு. மாமன்னு ஒருத்தன் இருக்கறதே அதுக்குத்தான்.

உன்னையும் ஒரேயடியா குத்தம் சொல்ல முடியாது. நீ இருக்கற பிம்பிரிச் சீமை அப்படி. 1995லயே அங்க டெல்கோ கம்பெனி காம்பவுண்டுக்குள்ள மெர்சிடிஸ் பூட்ட ஆரம்பிச்சாய்ங்க, 2009ல சாக்கன்ல தனியா பேக்டரி போட்டுட்டாய்ங்க. ரோட்டுல எங்கிட்டுத் திரும்பினாலும் பெரிய காரா போனா, மனுசனுக்குக் கை அரிக்கத்தான் செய்யும். புது மாருதி வாங்குற காசுல ஒருத்தன் ஆண்டு அனுபவிச்ச சொகுசு காரை வாங்கிப்புட்ட. அவன் ஏன் வித்தான்னு அப்பவே யோசிச்சிருந்தா இப்ப மாமன் ஞாபகம் வந்திருக்காது.

உன் ஊருல முளாவும் பவனாவும் ஓடுது. மேல அணையைத் திறந்தா சாங்வியில பள்ளத்துல இருக்கறவன் வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும். 2024 ஜூலையில டிவியில பார்த்தோமே. அன்னைக்கு ராவோட ராவா காரைக் கொண்டுபோய் மேட்டுல நிறுத்தினவன், தண்ணி வடிஞ்சு, மழை முடிஞ்சு, அடுத்த சித்திரையும் வந்தப்புறமும் அங்கனயேதான் நிறுத்துற. அந்த மேட்டுல ஒரு வேப்பமரம் உண்டா, ஒரு தகரக் கொட்டகை உண்டா? அபார்ட்மெண்ட்ல உனக்கு மூடின பார்க்கிங் ஒண்ணு இருக்குல்ல, அதுல யாரு இருக்கா? உன் வீட்டுக்காரியோட ஸ்கூட்டர். ராணி மாதிரி நிழல்ல நிக்குது. வீட்டுல யாருக்கு மரியாதைன்னு பார்க்கிங்கைப் பார்த்தாலே தெரியுது, நான் ஒண்ணும் சொல்லலை.

2018ல அமெரிக்காவுல அரிசோனாவுல வெயில்ல காரை நிறுத்தி அளந்து பார்த்திருக்காய்ங்க. ஒரே மணி நேரத்துல டேஷ்போர்டு சராசரி 69 டிகிரி. நிழல்ல நிறுத்துனதுக்கு 48தான். 69ங்கறது ஒரு மணி நேரக் கணக்கு மாப்ள. நீ திங்கக்கிழமை நிறுத்துனா சனிக்கிழமைதான் எடுக்குற.

இப்ப நான் கண்ணால பார்த்த விசயத்தைச் சொல்றேன். திண்டுக்கல் தோல் ஷாப்புல நாங்க தோலு பதமாயிருச்சான்னு பார்க்க ஒரு சோதனை வெச்சிருந்தோம். குரோம் உப்பு போட்டுப் பதப்படுத்துன தோலுல ஒரு சின்னத் துண்டை வெட்டி, காகிதத்துல வெச்சு ஓரமா பென்சிலால வரைஞ்சுக்குவோம். துண்டைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து, திருப்பி அந்தக் கோட்டுமேலயே வைப்போம். கோட்டுக்குள்ள சுருங்கிக் கெடந்தா பதம் பத்தலைன்னு அர்த்தம். மறுபடியும் டிரம்முல போடுன்னு மேஸ்திரி கத்துவாரு. பச்சைத் தோலு 65 டிகிரி வெந்நியிலயே சுருண்டுக்கும். ஆவாரம்பட்டையில பதப்படுத்துன தோலு 75, 80 வரைக்கும் நிக்கும். குரோம் தோலு கொதிதண்ணிக்கே அசையாது.

"அப்புறம் ஏன் மாமா எனக்குச் சுருங்குச்சு?"ன்னு கேப்ப. கொதிதண்ணி வேற, காஞ்ச சூடு வேற. தோலுக்குள்ள கொஞ்சம் ஈரம் உண்டு, நாங்க ஏத்துன எண்ணெயும் உண்டு. தெனமும் கண்ணாடிக்குள்ள வெச்சு வறுத்தா ஈரம் போயிரும், எண்ணெயும் கொஞ்சங் கொஞ்சமா போயிரும், நாரு ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கும். தண்ணியில வீரம் காட்டுற குரோம் தோலு இந்தக் காஞ்ச சூட்டுல கூடுதலாவே சுருங்கும். அதனாலதான் டேஷ்போர்டுக்குப் பெரும்பாலும் குரோம் இல்லாத தோலாப் பார்த்துப் போடுறாய்ங்க. எதைப் போட்டாலும் மேல தோலு இழுக்கும், கீழ பசை சூட்டுல இளகும். எங்க வெட்டு ஓரம் இருக்கோ அங்க முதல்ல கழண்டு வரும். குழிஞ்ச எடத்துல தோலு கூடாரமா எழும்பும். உன் போட்டோவுல ரெண்டுமே இருக்கு.

தோல் ஷாப்பு வேலையையெல்லாம் எங்க ஊரு ஆளுக பட்ட பாட்டோட சேர்த்து டி.செல்வராஜ் 'தோல்'னு நாவலாவே எழுதி, 2012ல சாகித்ய அகாடமி விருதும் வாங்கிட்டாரு. உனக்கு ஒரு பிரதி வாங்கிக் குடுத்தேன். அதுவும் போட்டோவுல தெரியுது, டேஷ்போர்டு மேலதான் வெயில் காயுது. அட்டை நல்லா வளைஞ்சிருக்கு.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். நீ ஏற்கனவே சூப்பர் குளூ வாங்கி வெச்சிருக்கறதாப் பேரன் சொல்றான். அதை மூடி, அப்படியே சாமி ரூம்புல வை. அது காஞ்சா கல்லாட்டம் இறுகிரும், சுத்தி வெள்ளையா பூத்துக்கும், அப்புறம் வேலை தெரிஞ்சவன் வந்தாலும் உன்னைத் திட்டிக்கிட்டேதான் சுரண்டணும். தேங்காயெண்ணெய், பளபள பாலிசு எதுவும் வேண்டாம். வெயில்ல அது முன்கண்ணாடியில மினுங்கி ரோட்டை மறைக்கும், ஓரத்துல இறங்கி மிச்சப் பசையையும் இளக்கும்.

முதல்ல கிளம்புன ஓரத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாரு. நாரு நாரா இருந்தா தோலு. துணி நெசவு தெரிஞ்சா ரெக்ஸின் வகையறா. அப்படி இருந்தா, "ஒரிஜினல் லெதர் மாமா"ன்னு தீபாவளிக்கு என்கிட்ட அளந்ததுக்கு தனியா கணக்கு வெச்சுக்கறேன். அடுத்தது, ரெண்டு விரலால மெதுவா அமுக்கி ஓரத்தைப் பழைய எடத்துக்குத் தள்ளிப் பாரு. இழுக்காம, தானா போய் உக்காந்தா நீ தப்பிச்ச. பழைய பசையைச் சுத்தம் பண்ணி, சூடு தாங்குற பசையைத் தோலுலயும் அடியிலயும் பூசி, லேசா உலரவிட்டு, வாட்டமா வெச்சு அமுக்குனா தீர்ந்துச்சு. எட்டலைன்னா பசைக்கு வேலையே இல்ல. துவைச்சுச் சுருங்கிப்போன கதர் சட்டைக்குப் புதுப் பட்டன் தைக்கிற கதைதான் அது.

உனக்கு எட்டாது. போட்டோவுலயே தெரியுது. அப்ப மொத்தத் தோலையும் உரிச்சுட்டுப் புதுசு போடணும். சீட் கவர் கடையில காட்டினா, பார்த்த உடனே "ஹோ ஜாயேகா சாஹேப்", அதாவது ஆயிரும் சார்ம்பான். அவனுக்கு எல்லாமே ஹோ ஜாயேகாதான். நீ ஒரே ஒரு கேள்வி கேளு: "ஏர்பேக்குக்கு மேல எப்படித் தைப்பீங்க?" பக்கத்து சீட்டுக்கு நேரா, அந்தத் தோலுக்கு அடியில ஏர்பேக் இருக்கு. மோதுனா நீ கண்ணைச் சிமிட்டி முடிக்கிறதுக்குள்ள, 30, 40 மில்லி செகண்டுல ஊதிரும். அது கிழிச்சுக்கிட்டு வெளிய வரணும்னுதான் கம்பெனியிலயே அந்த எடத்துல தோலை அடிப்பக்கம் கீறி மெலிசாக்குவாய்ங்க, இல்லாட்டி சட்டுனு அறுந்துபோற நூலுல தைப்பாய்ங்க. "ஸ்ட்ராங்கா தைச்சுத் தர்றேன்"னு ஒருத்தன் சொன்னா, கும்பிடு போட்டுட்டு எந்திரிச்சு வந்துரு. பேட்டரியைக் கழட்டிக் கொஞ்ச நேரம் பொறுத்து, டேஷ்போர்டையே வெளிய எடுத்து வெச்சு வேலை பாக்கறவன்கிட்டக் குடு. ஒரு நாள்ல முடியாது, மலிவாவும் வராது.

இன்னொண்ணு. அந்த ஏர்பேக் மூடி மேலயே டபுள் டேப் போட்டு ஒரு கணபதியை ஒட்டியிருக்க. பக்தியை நான் குறை சொல்லலை. ஆனா அந்த மூடி தெறிச்சா அவரு நேரா உன் வீட்டுக்காரி மூஞ்சிக்குத்தான் வருவாரு. தள்ளி உக்கார வை. கறுப்பு பிலிம் ஒட்டிக்கறேன்னும் கெளம்பிராத; 2012லயே சுப்ரீம் கோர்ட் வேண்டாம்னுருச்சு, மூலைக்கு மூலை போலீஸ்காரன் வசூல் புத்தகத்தோட நிப்பான். வெள்ளி நிறத்துல மடக்குற தட்டி விக்கிறான், கண்ணாடிக்கு உள்ள நிறுத்து. மத்ததுக்கு ஸ்கூட்டர் மகாராணிகிட்டத்தான் மனு போடணும், அந்தப் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாத.

வண்டியைக் கடையில விட்டுட்டு, வேலை முடியற வரைக்கும் அதே ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து ஆபீஸ் போ, இடுப்பு நோகாது. பில்லு வந்தா எங்க அக்கா கண்ணுல காட்டாம எனக்கு அனுப்பு. கேட்டா மாமன்தான் செய்யச் சொன்னாருன்னு சொல்லிக்க. காரு வாங்கச் சொன்னதே நான்னுதான் அவ இன்னும் நம்பிக்கிட்டிருக்கா. அந்தப் பொய்யை யாரு சொன்னதுன்னு உன் போட்டோவுக்குக் கீழ எழுதி அனுப்பு, பார்ப்போம்.