ஒத்துக்காதவரின் காசி யாத்திரை

எந்தச் சுற்றுலாக் குழுவை எடுத்தாலும், சன்னலோரத்துக்குச் சண்டை போட ஒருவர், வளைவு வந்தால் வாந்தியெடுக்க ஒருவர், வண்டி கிளம்பும் நேரத்தில் காணாமல்போக ஒருவர் என்று ஆட்கள் தானாக அமைந்துவிடுகிறார்கள். ‘எனக்கு ஒத்துக்காது’ என்று சொல்ல ஒருவர் அமையாத குழுவை நான் இன்னும் பார்க்கவில்லை. வயது ஐம்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவில். பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரி. ஒரு காலத்தில் கோப்புகளைத் திருப்பி அனுப்பிய கை, இப்போது தட்டுகளைத் திருப்பி அனுப்புகிறது.

உள்ளூரில் இவரை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. தெருமுனைக் கடையில் மிளகாய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, எண்ணெய்க் கையைத் துண்டுக் காகிதத்தில் துடைத்தபடி சாதாரண மனிதர்களைப்போல நடமாடுவார். பயணத்துக்குப் பெட்டி கட்டும்போதுதான் உடம்பு அரசாணைகளைப் பிறப்பிக்கத் தொடங்கும்.

எங்கள் காசி-கயா யாத்திரைக்கு வந்தவர் இரண்டு பெட்டிகளோடு வந்தார். ஒன்றில் கணவன் மனைவி இருவருக்குமான துணிமணி. மற்றதில் அவருக்கு ஒத்துக்கொள்ளும் உலகம்: வெந்நீர் வைக்க எலெக்ட்ரிக் கெட்டில், ஃபிளாஸ்க், இந்துப்பு, கருப்பட்டி, ஓமத் தண்ணீர், மங்கி கேப், காதுக்குப் பஞ்சு, அவில் மாத்திரை ஓர் அட்டை, செட்ரிசின் ஓர் அட்டை. இவை போக, காங்கேயம் பக்கத்திலிருந்து தருவித்த மரச்செக்குக் கடலை எண்ணெய் ஐந்து லிட்டர் கேன் ஒன்று. ரீஃபைண்டு எண்ணெய் அவருக்கு ஒத்துக்காது. பெட்டிகளைத் தூக்கி வந்தவர் அவருடைய மனைவி. அவருக்கு இடுப்பு வலி. ஆனால் அது ஒவ்வாமைக் கணக்கில் வராது.

கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலை விட்டு நகர்ந்து, ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தம் கண்டுபிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். கூடவே அறிவிப்பு:

“எள்ளு எனக்கு ஆகாது. அதுல விளையாடக் கூடாதுங்க. அமெரிக்காவுல பொட்டலத்து மேல எழுதியே ஆகணும்னு சட்டமே போட்டுட்டான்.”

செய்தி என்னவோ சரிதான். அமெரிக்காவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்பதாவதாக எள்ளைச் சேர்த்து 2023 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எதிர் இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா அவருடைய இட்லியை உற்றுப் பார்த்தார். மிளகாய்ப்பொடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு எண்ணெயில் முழுகியிருந்தது.

“பொடிக்கு என்ன எண்ணெய் விட்டிருக்கீங்க சார்?”

“நல்லெண்ணெய்தான்.”

“அது எள்ளுல எடுக்கிறதுதானே?”

அவர் மென்று முடித்து, விழுங்கி, இன்னொரு இட்லியையும் எடுத்துக்கொண்ட பிறகு பதில் வந்தது. “வீட்டு எள்ளு ஒத்துக்கும்.”

வழியில் ஒரு ஸ்டேஷனில் பிஸ்கட் வாங்கினார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பொட்டலத்தின் பின்புறத்தைப் பெட்டி முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி கோதுமை வகை, பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை, முந்திரி பாதாம் வகை, சோயா ஆகியவை இருந்தால் உறையில் சொல்லியாக வேண்டும். “கோதுமை, பால், சோயா… மூணும் இருக்கு பாருங்க. கொலைகாரப் பசங்க” என்று பொட்டலத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டார். பத்து நிமிடத்தில் செய்தித்தாளில் சுற்றிய சமோசா வந்தது. சமோசாவுக்கு உறை கிடையாது. ஆகவே அதன்மேல் குற்றப்பத்திரிகையும் கிடையாது. இரண்டு தின்றார்.

இவருடைய உணவு வரலாறு ஆட்சி மாற்றங்கள் நிறைந்தது. பேலியோ ஆட்சியில் காலையில் நூறு கிராம் பாதாம், மதியம் பனீர். அரிசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்து சிறுதானிய ஆட்சி. வரகும் சாமையும் சமையலறையை ஆண்டன. பிறகு பாலைத் துறந்தார். பிறகு யாரோ சொன்னார்களென்று இருநூறு சொச்சம் உணவுப் பொருள்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டம் போட்ட அந்த அறிக்கையை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். ஹோட்டல் சர்வர் தண்ணீர் வைத்ததும் இவர் அறிக்கையை வைப்பார்.

நர்ஸம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது ஐஜிஜி டெஸ்டு சார். நாம எதைத் தின்னு பழகியிருக்கோமோ அதைத்தான் காட்டும். அலர்ஜிக்குப் பாக்கிறது ஐஜிஈ. அதுகூட தனியா வச்சு முடிவு பண்ண மாட்டாங்க. சாப்பிட்டா என்ன ஆச்சுன்னுதான் முதல்ல கேப்பாங்க” என்றார். உலகம் முழுக்க ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் இதைத்தான் சொல்லிவருகின்றன. அறிக்கையில் அரிசி, துவரம்பருப்பு, தயிர் எல்லாமே சிவப்பு. அவர் வாழ்நாள் முழுக்கத் தின்றவை அவைதான். வாயிலேயே வைக்காத ஆலிவ், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் பசேலென்று இருந்தன.

“அப்ப ஸ்ட்ராபெர்ரி சாப்பிடலாங்கறீங்களா?” என்று கேட்டார்.

இவ்வளவு பெரிய அறிக்கையில் அவர் கண்டுகொள்ளாத ஒரே சிவப்புக் கட்டம் கத்தரிக்காய். அதை அவர் யாருக்கும் காட்டவில்லை. எண்ணெய்க் கத்தரிக்காய் என்ற பேச்சு வந்தாலே குரல் இறங்கிவிடும். பிஞ்சு, காம்போடு நாலாகக் கீறி, பொடி அடைத்து, சுருளச் சுருள வதக்கி என்று, பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். சமைத்துப்போடுகிற மனைவிக்கு அதைத் தின்றால் தொண்டை நமநமக்கும், உதட்டோரம் தடிக்கும் என்று நர்ஸம்மா பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொண்டார். கத்தரிக்காய் ஒவ்வாமையை மைசூரில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல் என்பது அதில் தெரியவந்தது.

“அவருக்குப் பண்ணிப் போட்டுட்டு நான் ரசஞ்சாதம் சாப்பிட்டுப்பேன்” என்றார் அந்த அம்மா. இதற்கு லேமினேட் செய்த ஆதாரம் எதுவும் அவரிடம் இல்லை.

காசியில் எங்களுக்குச் சமைத்தவர் கும்பகோணத்துக்காரர். மூன்று அடுப்பும் பொறுமையும் கொண்டு வந்திருந்தார். பொறுமை முதலில் தீர்ந்தது.

“சாம்பார்ல என்னப்பா போட்டிருக்க?”

“சாம்பாருக்கு உள்ளதுதான் சார் போட்டிருக்கேன்.”

“பெருங்காயம்?”

“உண்டு சார்.”

“கூட்டுப் பெருங்காயமா? அதுல மைதா கலப்பான். கோதுமை எனக்கு ஆகாது.”

நியாயமாகச் சொன்னால் இது நல்ல கேள்வி. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலப்பது உண்மை. கோதுமையின் குளூட்டன் அறவே ஆகாத சீலியாக் நோயாளிகள் இதைக் கேட்டுத்தான் தீர வேண்டும். ஆனால் கேட்டவர் அன்று காலைதான் கசௌடி கலியில் நின்று பூரியும் கசௌடியும் தின்றுவிட்டு வந்தவர். பால் ஆகாது என்ற விரதத்தோடு மண் குவளையில் ரபடி வாங்கி வழித்துச் சாப்பிட்டதையும் நான் பார்த்தேன். பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். “பால்தான் சார் ஆகாது. இது சுண்டிப்போச்சில்ல?” என்றார். சுண்டினால் தண்ணீர்தான் போகும், லாக்டோஸ் அப்படியே இருக்கும். அது செரிக்காவிட்டால் வயிறு உப்பும், பொருமும், அவ்வளவோடு போகும். பாலின் புரதத்தை உடம்பே பகையாக எண்ணிச் சண்டைக்குக் கிளம்புவது வேறு விவகாரம். இவருக்கு இரண்டும் இல்லை என்பதை இரவு குறட்டை உறுதிசெய்தது. செட்ரிசின் போட்டுக்கொண்டு படுத்திருந்தார், “எதுக்கும் இருக்கட்டும்” என்று.

குழுவில் இன்னொருவனும் இருந்தான். கல்லூரியில் படிக்கிற பையன், பாட்டிக்குத் துணையாக வந்திருந்தான். ஒவ்வொரு வேளையும் தட்டை வாங்குவதற்கு முன் சமையல்காரரிடம் ஒரே கேள்வி. “அண்ணே, கடலை, கடலை எண்ணெய் ஏதாச்சும் இருக்கா?” இல்லை என்றால் சாப்பிடுவான். அவன் பேச்சில் ஒவ்வாமை வந்தது அந்தக் கேள்வியில் மட்டும்தான். இடுப்புப் பையில் அட்ரினலின் ஆம்பூலும் சிரிஞ்சும் வைத்திருந்தது நர்ஸம்மாவுக்கும் பாட்டிக்கும் மட்டும் தெரியும். வெளிநாட்டில் தொடையில் குத்திக்கொள்ளும் பேனா மாதிரி ஊசி உண்டு. இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்து, எடுத்துப் போடவும் பழக்கியிருந்தார். மூச்சு அடைக்கிற நேரத்தில் அவிலை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

படகிலேறித் தசாசுவமேத கட்டத்து ஆரத்தி பார்க்கப் போனபோது நர்ஸம்மா ஒரு கதை சொன்னார். ஆளையே சாய்க்கும் இந்த ஒவ்வாமையை உலகம் அறிந்துகொண்டதும் ஒரு படகுச் சவாரியில் தொடங்கிய வேலையால்தானாம். 1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் ரிஷே, போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் போனார்கள். கடலில் மிதக்கும் ஒருவகை இழுதுயிரியின் விஷத்தை அங்கே ஆராய்ந்தார்கள். ஊர் திரும்பியதும் கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குச் செலுத்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. முதல் தடவை தாங்கிய நாய், சில வாரம் கழித்துப் போட்ட சிறிய அளவுக்கே செத்துப்போனது. ரிஷேவுக்கு 1913-இல் நோபல் கிடைத்தது. ‘போன தடவை தின்னப்ப ஒண்ணும் ஆகலையே’ என்று பந்தியில் பரிமாறுகிற எல்லாரும் அந்த நாயின் கதையைக் கேட்க வேண்டும்.

ஒத்துக்காதவர் கதை முழுவதையும் உன்னிப்பாகக் கேட்டார். “எனக்கும் கடல் காத்து ஒத்துக்காது” என்றார்.

மறுநாள் மதியம். சூரியகாந்தி எண்ணெயைப் பற்றி மூன்று வேளை தொடர்ந்து முறையீடு கேட்டுச் சலித்த ஏற்பாட்டாளர், சமாதானமாக, ஒத்துக்காதவர் கொண்டுவந்த ஐந்து லிட்டர் கேனையே பொதுச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒத்துக்காதவருக்குப் பெருமை தாங்கவில்லை. “எல்லாரும் நல்லா இருக்கட்டும்” என்றார். பையன் வழக்கம்போல் வந்து கேட்டான். அதற்குள் சமையல்காரரிடம் அன்றைக்கு மட்டும் மிளகு, கடுகு, புளி, தேங்காய் பற்றியெல்லாம் விசாரணை நடந்து முடிந்திருந்தது. சமையல்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எல்லாம் நல்ல எண்ணெய்தான் தம்பி, பயப்படாம சாப்பிடு” என்றார்.

அடுப்போரம் இருந்த கேனை நர்ஸம்மா பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் பையன் கையிலிருந்த தட்டு கீழே போனது. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது; செக்கில் ஆட்டி அப்படியே பிடித்ததில் தங்கியிருக்கும். பையனைச் சாய்க்கக்கூடியது அந்தப் புரதம்தான். எனக்குக் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். பத்துப் பொய்ப் புகாரைக் கேட்டுக் காது மரத்துப்போனவரிடம்தான் பதினொன்றாவதாக மெய்யான கேள்வி போய்ச் சேர்கிறது. சமையல்காரரை எப்படிக் குறை சொல்ல? அவர் பாவம், அன்று மாலையே சாக்பீஸ் வாங்கிவந்து ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் என்ன எண்ணெய் என்று எழுதிவைத்தார்.

பையன் வாழைப்பழமும் தயிரும் சாப்பிட்டான். ஒத்துக்காதவர் அவன் தோளில் தட்டி, “சின்ன வயசுலயே அலர்ஜியா? எல்லாம் இந்த ரீஃபைண்டு எண்ணெயால வர்றது தம்பி. செக்கு எண்ணெய்க்கு மாறிடு” என்றார்.

கயாவுக்குப் போனோம். பல்குனி நதிக்கரையிலும் விஷ்ணு பாதத்திலும் பிண்டம் வைத்தாயிற்று. எள்ளைக் கையில் கொடுத்தபோது இவர் தயங்க, “சாப்பிட வேண்டாம் சார், போட்டா போறும்” என்றார் சடங்கை நடத்திய வாத்தியார். கடைசியாக அட்சய வடம். அந்த ஆலமரத்தடியில் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை மூன்றையும் ஆயுளுக்கும் விட்டுவிட வேண்டும். பிடித்ததை விடுவதுதான் முறை. நம்மவர்கள் பாகற்காய், கொத்தவரங்காய் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டுதான் வருவார்கள். பித்ருக்களும் இதைக் கண்டும் காணாமல் இருக்கிறார்கள்.

ஒத்துக்காதவரின் முறை வந்தது. “காய் சொல்லுங்கோ.”

அவர் யோசித்தார். வாழைக்காய் வாயு என்று விட்டு நாளாகிறது. உருளைக்கிழங்கு பேலியோவில் போனது. சேனை அரிப்பு. முருங்கை சூடு. புடலை குளிர்ச்சி. வெண்டைக்காய் அறிக்கையில் சிவப்பு. விடுவதற்கு அவரிடம் காய் ஸ்டாக் இல்லை.

“தம்பதியா ஒண்ணா விடறது வழக்கம். மாமியாவது சொல்லுங்கோ” என்றார் வாத்தியார்.

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. “கத்தரிக்காய்.”

“ஏய்!” அவர் பதறிப்போய்த் திரும்பினார். “அது எனக்கு ஒத்துக்குமேடி!”

“அப்போ ரொம்ப விசேஷம். ஜலத்தை விடுங்கோ” என்றார் வாத்தியார். “பழம் என்னன்னு சொல்லுங்கோ சீக்கிரம், பின்னால கும்பல் நிக்கறது.”

அவர் பழத்துக்காக வாயைத் திறப்பதற்குள், அந்த அம்மா மறுபடி ஆரம்பித்திருந்தார்.