இரண்டாம் ஷிப்ட்டும் தெருநாயும்

எண்பதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கும்பலாகத்தான் கிளம்புவார்கள். பட்டரவாக்கம் பக்கம் தெருவிளக்கு கிடையாது, இருந்தாலும் எரியாது. சைக்கிள் டைனமோவின் மங்கிய வெளிச்சம் மட்டும்தான். சக்கரச் சத்தம் கேட்டதும் நாய்கள் எழுந்துவிடும். லேத் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, எனக்கு சைக்கிள் கற்றுத்தந்த அதே வாரத்தில் இதையும் சொல்லித்தந்தார்: "தொரத்துனா பெடலை மிதிக்காதடா. எறங்கிடு. சைக்கிளை நடுவுல வெச்சிக்கினு மெதுவா நட. கண்ணையே மொறைச்சுப் பாக்காத, முதுகைக் காட்டி ஓடாத."

இன்னொன்றும் சொல்வார். லாரி ஷெட்டுக்குக் கீழே குட்டி போட்டிருந்த செவலை நாய் ஒன்று இருந்தது. அது தொண்டை கிழியக் குரைத்தால் அவர் பாட்டுக்குத் தாண்டிப் போய்விடுவார். குரைக்காமல், உடம்பை விறைத்து, வாயை மூடி, அசையாமல் நின்றால்தான் எங்களை எதிர்ப்பக்கம் திருப்புவார். இன்றைக்கு நாய்ப் பயிற்சியாளர்கள் சொல்வதும் இதுதான். உறைந்து நிற்பது பல நேரம் கடிக்கு முந்தைய எச்சரிக்கை. மிஷின் சத்தத்தில் சிறு மாறுதலைக் கண்டுபிடித்துவிடும் அந்த மனிதர்கள் நாயின் உடம்பையும் அதே கவனத்தோடு பார்த்தார்கள்.

எல்லோரும் அப்படிப் பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பயம்தான் ஊரை ஆண்டது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அந்த மருந்து ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் தயாரித்தார்கள். வலி ஒருபுறம், அரிதாக நரம்பையே பாதிக்கும் ஆபத்து ஒருபுறம். 2004 இறுதியில்தான் இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றது. பக்கத்திலிருந்த சென்னை மாநகராட்சியோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கப்படி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. மின்சாரம் பாய்ச்சியும் கொன்றார்கள். கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964 முதல் சொல்லிவந்ததை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது 1996இல். அத்தனை காலம் கொன்றும் நாய் குறையவில்லை, வெறிநோயும் போகவில்லை.

அம்பத்தூர் 2011இல் சென்னையோடு சேர்ந்தது. 2024 கணக்கெடுப்பில் சென்னையின் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம், மண்டலங்களிலேயே அதிகம் அம்பத்தூரில்தான், ஏறக்குறைய 24 ஆயிரம். தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்கு நடுவே ஐ.டி. கட்டடங்கள். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அடுக்குமாடிகள். அவற்றில் லாப்ரடார், பனிநாட்டு ஹஸ்கிகூட. அன்று நாயைத் தொடவே பயந்தோம், இன்று கட்டிப்பிடிக்கிறோம். நடுவில் அதைப் பார்க்கும் பழக்கம் போய்விட்டதே என்பதுதான் என் ஆதங்கம்.

போன மாதம் எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஒரு லாப்ரடார் வந்தது. நல்ல பிள்ளை. நாலு வயதுச் சிறுமி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அம்மா போனை எடுத்தார். நாயின் திறந்திருந்த வாய் சட்டென்று மூடியது. நாக்கு நுனி வெளியே வந்து மூக்கை ஒரு நக்கு நக்கி உள்ளே போனது. தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. கண் மட்டும் குழந்தைமேல் நின்றதால் ஓரத்தில் வெள்ளை விழி பிறைபோலத் தெரிந்தது. பிறகு பெரிய கொட்டாவி. "சிரிக்குது பாரு!" என்றார் அம்மா. "பாப்பா, அதுக்கு மூச்சு முட்டுது, கையை எடுத்துடும்மா" என்றேன். எடுத்தாள். நாய் நனைந்து கரையேறியது மாதிரி தலையிலிருந்து வால்வரை உடம்பை உதறிவிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

மூக்கை நக்குவது, கொட்டாவி, முகத்தைத் திருப்புவது, உதறல் ஆகியவற்றை நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் டூரிட் ரூகாஸ் அமைதிச் சைகைகள் என்று விளக்கி எழுதினார். பசித்தாலும் நக்கும், தூக்கம் வந்தாலும் கொட்டாவி விடும்; ஆகவே எந்த இடத்தில், எதற்குப் பிறகு என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். வாலும் அப்படித்தான். "வாலாட்டுது, ஒண்ணும் செய்யாது" என்பதை நம்பிப் போய்க் கடிபட்டவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். விறைத்து நிமிர்ந்த வால் வேகவேகமாகத் துடித்தால் அது நட்பு இல்லை. 2007இல் இத்தாலியின் பாரி நகரில் 30 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். எஜமானைக் கண்டால் வால் வலப்பக்கம் அதிகம் ஆடியது. அறியாத முரட்டு நாயைக் கண்டால் இடப்பக்கம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது உறுமலுக்கு விழும் அடி. உறுமுகிற நாய் இன்னும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறது. அடித்து அடித்து அதை நிறுத்தினால் அதன் பயம் போகாது. அடுத்த முறை சொல்லாமல் கடிக்கலாம். "திடீர்னு கடிச்சிடுச்சு" என்பதன் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான். தீபாவளி இரவில் கட்டிலுக்கடியில் நடுங்கி, எச்சில் ஒழுகக் கிடக்கும் நாயை வெளியே இழுத்துக் கொஞ்சுவதும் கொடுமைதான். அது அங்கேயே இருக்கட்டும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

கடிபட்டால் என்ன செய்வது என்பதில் இன்று தவிப்புக்கே இடமில்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், தொப்புளில் இல்லை, கையில் ஊசி. 0, 3, 7, 28ஆம் நாட்களில். கடி தோலைத் துளைத்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் சேரும். 2025 ஆகஸ்டில் சென்னைத் தெருநாய்களுக்குப் பெருமளவில் வெறிநோய்த் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அதே மாதம் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை, வெறிநோயோ முரட்டுத்தனமோ இல்லாவிட்டால், பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து மட்டும் அப்புறப்படுத்தச் சொன்னது.

இவ்வளவும் நடக்கும்போது, பள்ளிக்கூட வாசலில் நாயைத் தாண்டிப் போகிற பிள்ளைக்கு யாரும் எதுவும் சொல்லித்தருவதில்லை. நாய் வாயை மூடிக்கொண்டு விறைத்தால் நில்; தலையைத் திருப்பினால் கையை எடு; சாப்பிடும்போதும் குட்டியோடு இருக்கும்போதும் கிட்டே போகாதே. ஒரு வகுப்புக்கு அரை மணி நேரம், கூட ஒரு கால்நடை மருத்துவர், நாலு படங்கள். அம்பத்தூர் மண்டலத்துப் பள்ளிகளில் இந்தக் கல்வியாண்டிலேயே அதைத் தொடங்கலாம்.