சரபோஜியின் பென்ஷனும் நம் லோயர் பெர்த்தும்

(கேள்வி-பதில்: இந்த வாரம், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பத் துடிக்கும் பெரியவர்கள் ஸ்பெஷல்)

ரிடையர் ஆகி, வீட்டைப் பூட்டிவிட்டு வருஷம் பூராவும் ஊர் சுற்ற வேண்டுமென்றால் மாதம் எவ்வளவு தேவைப்படும்?
– வாசகர், கும்பகோணம்

நாளைக்கு எத்தனை காபி என்று எழுதவில்லையே, எப்படிக் கணக்குப் போடுவது?

'பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுவதெல்லாம் வெள்ளைக்காரன் புத்தி' என்கிறார் என் சகலை. பதிலடி கொடுக்க ஏதாவது சொல்லுங்களேன்.
– வாசகர், தஞ்சாவூர் மேலவீதி

சகலையை அரண்மனைக்கு அழைத்துப் போய் இரண்டாம் சரபோஜியின் சிலைக்கு முன்னால் நிறுத்துங்கள். 1799இல் கும்பினிக்காரர்கள் ராஜ்யத்தை எழுதி வாங்கிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு என்று அவரைச் செட்டில் செய்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயசு 22. அந்த வயசில் வி.ஆர்.எஸ். வாங்கியவர் தஞ்சாவூர் ஜில்லாவில் வேறு யாருமில்லை. மனுஷர் திண்ணையில் உட்கார்ந்து சீட்டாடினாரா? சரஸ்வதி மகாலுக்குச் சுவடியும் புத்தகமுமாக வாங்கித் தள்ளினார். கண் வைத்தியம் பார்த்தார். 1820இல் காசிக்கே கிளம்பிவிட்டார். கூடப் போன பரிவாரம் மூவாயிரம் பேர் என்கிறார்கள். ஆகவே, பென்ஷனில் ஊர் சுற்றும் வழக்கத்தை ஆரம்பித்தது கீழவீதி, மேலவீதிக்கு நடுவில் இருந்தவர்தான் என்று சகலையிடம் சொல்லுங்கள். மூவாயிரம் பேருக்கு யார் புளியோதரை கிளறினார்கள் என்று மட்டும் அவர் திருப்பிக் கேட்டால் என்னிடம் அனுப்பாதீர்கள்.

சக்கரம் வைத்த பெட்டியா, தோள்பையா, எது சிலாக்கியம்?
– வாசகி, நீடாமங்கலம்

பெட்டியை நம் ஊர்ச் சன்னதித் தெரு எதிலாவது ஒரு தடவை உருட்டிப் பாருங்கள். சக்கரமே பதில் சொல்லிவிட்டுக் கழன்றுகொள்ளும்.

லாட்ஜ் வாடகை கொடுத்து மாளாது. சத்திரம் சாவடியெல்லாம் இப்போதும் உண்டா?
– வாசகர், ஒரத்தநாடு

முக்தாம்பாள் சத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரத்தநாட்டுக்காரர் கேட்கிற கேள்வியா இது! சேது யாத்திரை போகிறவர்களுக்காக மராட்டிய ராஜாக்கள் வழி நெடுகச் சத்திரம் கட்டினார்கள். கும்பினி அதில் கை வைத்துவிடக் கூடாதே என்று 1801இல் சரபோஜி எழுதிய கடிதத்தில் அங்கே நடந்த தர்மமெல்லாம் வரிசையாக வருகிறது. எல்லா ஜாதியாருக்கும் சாப்பாடு. சமைத்ததைத் தொடாதவருக்கு அரிசி. வழியில் படுத்துவிட்டவருக்கு வைத்தியர். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவம். இதற்கெல்லாம் மேலே, நடுராத்திரியில் மணி அடித்து, 'இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள்' என்று கூப்பிடுவார்களாம். இன்றைக்கு நடுராத்திரியில் ரூம் கதவைத் தட்டினால் ஆதார் கார்டு கேட்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தேவஸ்தான விடுதிகள், மடங்கள், காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் என்று இன்னும் இருக்கின்றன. மத்தியானச் சாப்பாட்டுக்கு 2002இல் ஆரம்பித்த கோயில் அன்னதானத் திட்டம் இருக்கிறது. எழுந்திருக்கும்போது உண்டியலில் ஏதாவது போடுங்கள். நீங்கள் பட்ஜெட் பார்க்கிற ஆசாமி என்பது சாமிக்குத் தெரிய வேண்டாம்.

ரயிலில் சீனியர் சிட்டிசன் கட்டணச் சலுகை என்ன ஆச்சு?
– வாசகர், பாபநாசம்

ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 சதவீதம் தள்ளுபடி இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி எடுத்தார்கள். கொரோனா அலை அலையாகத் திரும்பி வந்தது. சலுகை போனது போனதுதான். மிச்சமிருப்பது லோயர் பெர்த் ஒதுக்கீடு. ஆணுக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும், பெண்ணுக்கு 45 போதும். படிவத்தில் உண்மை வயதைப் போடும் பெண்களுக்கு மட்டும்.

மனைவியையும் அழைத்துப் போகலாமா, செலவு இரட்டிப்பாகுமே?
– வாசகர், சுவாமிமலை

2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் அவருக்கு டிக்கெட் கிடையாது, உங்களுக்கு உண்டு. உங்களை அழைத்துப் போகலாமா என்று அவர் அல்லவா யோசிக்க வேண்டும்?

டெல்டாவில் ஏறி உட்கார்ந்தால் வெகுதூரம் கொண்டுபோய் விடுகிற ரயில் ஒன்று சொல்லுங்கள்.
– வாசகர், மன்னார்குடி

உங்கள் ஊரிலேயே நிற்கிறதே சார்! மன்னார்குடியிலிருந்து பகத் கி கோத்திக்கு, வாரம் ஒரு தடவை. அது ஜோத்பூரில் இன்னொரு ஸ்டேஷன். ராஜகோபாலசாமி கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டு ஏறினால் பாலைவனத்து விளிம்பில் இறங்கலாம். பல வருஷம் ரயிலே எட்டிப் பார்க்காத ஊர் உங்களுடையது. 2011இல் தண்டவாளம் திரும்ப வந்தது, கொஞ்ச நாளில் ராஜஸ்தானுக்கே வண்டி! எப்படி என்று விசாரிக்காதீர்கள், எங்களுக்கு வயிறு எரிகிறது. தயிர்சாதத்தை முதல் வேளையிலேயே முடித்துவிடுங்கள், புளியோதரை தாங்கும். விந்தியமலைக்கு அந்தப் பக்கம் காபி என்று சொல்லி நீட்டுவதை வாங்காதீர்கள். டீ குடியுங்கள். நானே இதைச் சொல்கிறேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

குறுவை, சம்பா இரண்டும் போடுகிறேன். ஊர் சுற்றக் கிளம்ப எது தோதான மாதம்?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் நாற்றங்கால் வேலை. திறக்காவிட்டால், திறப்பார்களா என்று டீக்கடையில் பேசுகிற வேலை. ஐப்பசியில் மழை, கார்த்திகையில் புயல், தையில் அறுப்பு. மாசியில் நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக் காவல். வாடகையில்லாமல் வெளியூரில் தங்கும் யோகம் அப்போதே உங்களுக்கு வந்துவிடுகிறது. மிஞ்சுவது பங்குனி, சித்திரை, வைகாசி. வெயிலுக்கு அடக்கமாகக் குடகுக்குப் போங்கள். தலைக்காவிரியில் ஆரம்பித்து, நமக்கு வர வேண்டியது எங்கெங்கே நிற்கிறது என்று கரையோடு பார்த்துக்கொண்டே வரலாம். சிட்டியும் தி. ஜானகிராமனும் ஆற்றோடு போய் 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள். நீங்கள் எழுத வேண்டாம். கண்ணம்பாடி அணைக்கு முன்னால் நின்று சத்தமாகப் பேசாமல் வந்தால் போதும்.

ஊர் ஊராகச் சுற்றினால் பென்ஷன் நேர்காணலுக்கு எப்படி வருவது?
– வாசகர், திருவாரூர்

வர வேண்டாம். 2014இல் வந்த ஜீவன் பிரமாண் இருக்கிறது. செல்போனில் முகத்தைக் காட்டினால், உயிரோடு இருக்கிறீர்கள் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளும். வீட்டில் ஒப்புக்கொள்ள வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

வீட்டையும் ஆறு மா நிலத்தையும் மகன் பேரில் எழுதிவைத்துவிட்டு நானும் இவளும் கோயில் குளமென்று கிளம்பலாமென்று இருக்கிறோம். சரிதானே?
– பெயர் வேண்டாம், பேராவூரணி

எழுதிவைக்காதீர்கள் ஐயா. தான செட்டில்மெண்ட் பதிவாகிவிட்டால் சொத்து அவருடையது, மனசு மாறியபோது திரும்ப வாங்க முடியாது. உயில் என்றால் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடப்புக்கு வரும், அதுவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கொடுத்தே தீர வேண்டுமென்றால், 'எங்களைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது இருந்து அவர் தவறினால், 2007ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் காட்டி, பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் போகலாம்.

உங்கள் மகன் தங்கமானவராகவே இருக்கட்டும். ஆனால் என்றாவது ஒரு நாள் முழங்கால் மறுக்கும், அல்லது உங்கள் இருவரில் ஒருவர் படுப்பீர்கள். அன்றைக்கு யாரையும் கேட்காமல் திறந்துகொண்டு உள்ளே போக ஒரு கதவு வேண்டும். நிலத்தை அவர் சாகுபடி செய்யட்டும். வருஷத்துக்கு இத்தனை மூட்டை என்று பேசி, அந்தப் பணத்தை உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் போய்வாருங்கள், அம்மாவுக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள்.

வெளிநாடு பார்க்க ஆசை. கையில் காசில்லை.
– வாசகர், பட்டுக்கோட்டை

கொச்சியில் விஜயன் - மோகனா தம்பதி சின்னக் கடை வருமானத்தில் சேர்த்து, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து கடனை அடைத்து, மறுபடி கிளம்பி, 25 நாடுகளுக்கு மேல் பார்த்தார்கள். 2021இல் ரஷ்யா போய்வந்த அடுத்த மாதம் விஜயன் காலமானார். டீக்கடைக்காரர் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. போர்டில் இருந்ததோ 'காபி ஹவுஸ்'. இதை நான் எதற்கு அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?
– வாசகர், மயிலாடுதுறை

முடியும். கும்பகோணத்திலிருந்து அரசு போக்குவரத்துக் கழகமே அதற்கென்று சிறப்புப் பஸ் விடுகிறது. திருநள்ளாற்றில் மட்டும் எச்சரிக்கை. அது காரைக்கால், புதுச்சேரி ஆட்சி. 'சனி பகவானைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் வருகிறேன்' என்று இறங்கும் ஆண்களை எண்ணி வைத்துக்கொண்டு கண்டக்டர் விசில் ஊதட்டும்.